திரை விழுங்கும் புள்ளி

எண்ணும் எழுத்தும் மனிதருக்குக் கண் என்று கருதினார் வள்ளுவர். அந்தக் கண்ணைப் பெறுவதற்கு முன்னாளில் ஓலை துணையாயிருந்தது. பின்னர் அச்சிட்ட தாள் வந்தது. இன்று அந்த இடத்தை ஒளிவிடும் திரை ஒன்று பெருமளவிற் பிடித்துக்கொண்டது. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றிலோ கொட்டாஞ்சேனைச் சிறு மனையொன்றிலோ இரவு ஒன்பது மணிக்குமேல் எட்டிப் பார்த்தால், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் முன்னே பாடப்புத்தகத்துக்குப் பக்கத்தில் மடிக்கணினியும் திறந்திருப்பதைக் காணலாம். பல வீடுகளில் மடிக்கணினி மட்டுமே திறந்திருக்கும்.

இந்த மடிக்கணினியை வாங்கும்போது நாம் என்னென்ன கேட்கிறோம்? வேகம் எவ்வளவு, நினைவகம் எவ்வளவு, பற்றரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்றெல்லாம் கேட்கிறோம். திரையைப் பற்றிக் கேட்பது எத்தனை அங்குலம் என்பது ஒன்றே. அத்திரையில் எத்தனை நுண்கட்டங்கள் உள என்று கேட்பவர் மிகச் சிலர். ஆங்கிலம் மட்டும் படிக்கும் வீட்டில் இந்த வினாவை ஒருவாறு தள்ளிவைக்கலாம். தமிழ் படிக்கும் வீட்டில் தள்ளிவைத்தல் ஆகாது. அதன் காரணத்தை விளக்குவதும், கையிலுள்ள மடிக்கணினியின் திரையைக் கழற்றிக் கூடிய தெளிவுள்ள திரையைப் பொருத்துவது எப்போது தகும், எப்போது தகாது என்று கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓலையில் மறைந்த புள்ளி

மெய்யெழுத்தின் தலையில் நாம் இடும் புள்ளி, தமிழ் எழுத்தின் உறுப்புக்களுள் மிகச் சிறியது. ஆனால் அது செய்யும் வேலையோ பெரிது. 'பல' என்றால் எண்ணிக்கை. லகரத்தின்மீது ஒரு புள்ளி வைத்தால் அது வாயிலுள்ள 'பல்' ஆகிவிடும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்ற விதி தொல்காப்பியத்திலேயே உண்டு. அந்நாளில் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெற்றன.

விதி இருந்தும் ஏட்டுச் சுவடிகளிற் புள்ளியைக் காண்பது அரிது. எழுத்தாணியால் ஓலையின்மீது அழுத்திக் குத்தினால் ஓலை துளைபட்டுக் கிழியும் என்ற அச்சத்தால், எழுதியோர் புள்ளியை இடாமலே விட்டனர். படிப்பவர் முன்னும் பின்னும் நோக்கி, இது மெய்யோ உயிர்மெய்யோ, குறிலோ நெடிலோ என்று ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தாலேயே வேறுபடுத்தும் முறையை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் புகுத்தியது இந்த இடர்ப்பாட்டை ஓரளவு நீக்கவே. நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவர்கள் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, செல்லரித்த ஏடுகளோடு மட்டும் போராடவில்லை. புள்ளியில்லாத எழுத்தோடும் போராட வேண்டியிருந்தது.

சிறியதும் தெளிந்ததும்

அச்சு வந்தபின் புள்ளி தன் இடத்தைத் திரும்பப் பெற்றது. எனினும் புதியதொரு சிக்கல் எழுந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் அச்சகம் நடத்தியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பெற்ற தமிழ் எழுத்துக்கள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியனவாக இருந்தமையால் தாளை அளவின்றி விழுங்கின. புதிய ஏற்பாடு முழுவதையும் அவற்றைக்கொண்டு அச்சிடுவதென்றால் தாளுக்கு எங்கே போவது? ஆகவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்து, 1715இல் அந்நூலை முடித்தனர்.

எழுத்தைச் சிறிதாக்குவது எளிது. சிறிதாக்கியபின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் புள்ளி மறையாமலும் காப்பதே கடினம். சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹண்ட் என்பவர் இதிற் பெருமுயற்சி எடுத்துக்கொண்டார். அவர் அமைப்பித்த நுண்ணிய எழுத்துக்களாலேயே, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய வின்ஸ்லோ பாதிரியாரின் தமிழ் ஆங்கில அகராதி 1862இல் வெளிவந்தது. 67,000க்கு மேற்பட்ட சொற்களை ஒரே தொகுதியில் அடக்க முடிந்ததற்கு, சிறியதாயினும் தெளிந்த அந்த எழுத்தும் ஒரு காரணம்.

இவ்வாறு ஓலை இழந்த புள்ளியைத் தாள் மீட்டுத் தந்தது. மலிவான திரையிற் படிக்கும்போது அதே புள்ளி மீண்டும் மங்கத் தொடங்குகின்றது.

திரையின் கணக்கு

உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்றை மடிக்கணினித் திரைக்கு அருகே பிடித்துப் பார்த்தால், திரை முழுவதும் நுண்ணிய கட்டங்களால் நிறைந்திருப்பது தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கீற்றுக்கள் இருக்கும். இம்மூன்றின் ஒளியைக் கூட்டியும் குறைத்தும் எல்லா நிறங்களையும் திரை உண்டாக்குகின்றது. இந்தக் கட்டத்துக்குப் 'பிக்சல்' என்று பெயர். எழுத்தின் புள்ளியோடு மயங்காதிருக்கும்பொருட்டு, இக்கட்டுரையிலும் பிக்சல் என்றே வழங்குவோம். பிக்சல்கள் எத்துணை நெருக்கமாக உள்ளனவோ, அத்துணை நுட்பமாகத் திரை உருவைத் தீட்டும். இதனையே திரையின் தெளிதிறன் என்பர்.

2010களில் குறைந்த விலையில் விற்கப்பட்ட மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றின் தெளிதிறன் 1366 × 768. அதாவது அகலத்தில் 1,366 பிக்சலும் உயரத்தில் 768 பிக்சலும், மொத்தம் 10,49,088. 'முழு எச்.டி.' எனப்படும் திரையில் 1920 × 1080, மொத்தம் 20,73,600. இது முன்னதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டு திரைகளும் 15.6 அங்குல அளவினவாயின், முதலாவதில் ஓர் அங்குல நீளத்தில் 100 பிக்சல்களும் இரண்டாவதில் 141 பிக்சல்களும் அமையும். 14 அங்குலத் திரையாயின் முறையே 112, 157 ஆகும்.

இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்கலாம். இயல்பான பார்வையுடைய கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறிய வல்லது. திரையை நாம் அரை மீற்றர் தூரத்தில் வைத்துப் படிக்கிறோம் என்று கொண்டால், அக்கோணம் 0.145 மில்லிமீற்றருக்குச் சமம். 15.6 அங்குலச் சாதாரணத் திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.25 மில்லிமீற்றர். ஆகவே கட்டங்களின் படிக்கட்டு விளிம்பைக் கண் காண்கின்றது. எழுத்து அரம்போலச் சொரசொரத்துத் தோன்றுகின்றது. முழு எச்.டி. திரையில் அவ்வகலம் 0.18 மில்லிமீற்றராகக் குறையும். 14 அங்குலமாயின் 0.16. கண்ணின் எல்லைக்கு இது மிக அண்மையானது. இதற்கும் மேலே, '4கே' என்று விளம்பரப்படுத்தும் 3840 × 2160 திரையில் 15.6 அங்குலத்துக்கு 0.09 மில்லிமீற்றர்தான். அத்தூரத்திற் படிக்கும் சாதாரணக் கண்ணுக்கு அது பெரும்பாலும் மிகையே. ஆகவே மாணவர் ஒருவருக்கு முழு எச்.டி. போதுமானது, அதற்குமேற் செலவிட வேண்டுவதில்லை.

தமிழ் எழுத்துக் கேட்கும் இடம்

இனி, தமிழுக்கு இது ஏன் கூடுதலாக வேண்டப்படுகின்றது என்று பார்ப்போம். ஒரு கோட்டைத் தீட்டக் குறைந்தது ஒரு பிக்சல் வேண்டும். இரு கோடுகளுக்கிடையே வெளி தெரிய வேண்டுமாயின் அதற்கும் ஒரு பிக்சல் வேண்டும். ஆங்கிலச் சிறிய 'எம்' எழுத்தில் நிமிர்ந்த கால்கள் மூன்று, இடைவெளி இரண்டு. ஆக ஐந்து பிக்சல் அகலத்தில் அதை எப்படியாவது அடக்கிவிடலாம். நம் முச்சுழி ணகரத்தின் நடுவே குறுக்காக ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். அக்கோடு எழுத்தின் வளைவுகளை ஐந்தாறு இடங்களில் வெட்டும். அவ்வளைவுகள் ஒட்டாமல் நிற்க ஒன்பது முதல் பதினொரு பிக்சல்கள் வேண்டும். இகரமும் ஞகரமும் இவ்வாறே இடம் கேட்பவை. இவற்றோடு மேலே 'கீ' என்பதன் சுழி, கீழே 'மூ' என்பதன் வால், தலையிலே மெய்யின் புள்ளி.

நாம் வழக்கமாகத் தட்டெழுதும் 12 புள்ளி அளவுடைய எழுத்து, 15.6 அங்குலச் சாதாரணத் திரையில் அதன் உண்மை அளவில் நின்றால், ஏறத்தாழ 16 அல்லது 17 பிக்சல் உயரமே பெறும். மேல்விலங்குக்கும் கீழ்விலங்குக்கும் இடம் ஒதுக்கியபின், எழுத்தின் உடலுக்குக் கிடைப்பது அதிற் பாதியளவுதான். மெய்யின் புள்ளிக்கு ஒரு பிக்சலோ இரண்டோ கிடைக்கும். இடம் போதாதபோது கணினி என்ன செய்கிறது? கோட்டின் ஒரு பகுதியைக் கருமையாகவும் மறு பகுதியைச் சாம்பல் நிறமாகவும் பூசிச் சமாளிக்கின்றது. அப்போது முச்சுழியும் இருசுழியும் ஒன்றுபோல் மங்குகின்றன. 'மணம்' எது, 'மனம்' எது. 'பணி' எது, 'பனி' எது என்பதை எழுத்தைக் கண்டு அறியாமல், இடத்தை நோக்கி ஊகித்து அறிகிறோம். ஏட்டுச் சுவடி படித்த முன்னோரின் வேலையை நம் பிள்ளைகள் திரையின்முன் மீண்டும் செய்கின்றனர்.

வளர்ந்தவர்களுக்கு இந்த ஊகம் கடினமன்று. சொல் அவர்களுக்கு முன்பே தெரியும். புதிய கலைச்சொல்லை முதன்முதலாகத் திரையிற் காணும் மாணவனின் நிலை வேறு. விஞ்ஞானப் பாடத்திலோ அவன் இடர் இன்னும் பெரிது. பத்தின் தலையில் எழுதிய அடுக்கெண் 3 என்றும் 8 என்றும் மயங்கினால், அதன் முன்னுள்ள கழித்தற் குறி மங்கினால், விடை இலட்சம் மடங்கு பிழைக்கும். அங்கே ஊகித்துத் தப்ப வழியில்லை. முழு எச்.டி. திரையில் அதே அளவுடைய எழுத்து 23 அல்லது 24 பிக்சல் உயரம் பெறுகின்றது. சுழிகள் பிரிந்து நிற்கவும் புள்ளி புள்ளியாகவே தெரியவும் இந்த ஏழு பிக்சல் பெருந்துணை செய்கின்றன.

கொழும்பில் இன்று

இக்கேள்வி நம்மூரில் இப்போது எழுவதற்குக் காரணங்கள் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழிப் பாடங்கள் தொடங்கியபோது, கையிற் பணமிருந்தோர் புதியதும், இல்லாதோர் பழையதுமாக மடிக்கணினி தேடினர். 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபா வரை உயர்ந்தது. புதிய கணினி வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்குக் கனவாயிற்று. பழையதைத் திருத்திப் பயன்படுத்துவது பலருக்கு ஒரே வழியாயிற்று. இவ்வாறு வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய மடிக்கணினிகளிற் பல 1366 × 768 திரையுடையவை.

படிக்க வேண்டியவையோ திரையின் பக்கமே நகர்ந்து வருகின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் உள்ளன. கடந்தகால வினாத்தாள்கள் படப் பிரதிகளாகக் கைமாறுகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அத்தகைய இழப்புக்குப்பின், 2005இல் தொண்டர்களின் முயற்சியாகத் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறது. வெள்ளவத்தையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்குச் சென்று படிக்கக்கூடியவர் அங்கே செல்லலாம். வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ வெளிநாட்டிலோ இருப்பவருக்கு அந்தப் படப் பக்கமே நூல்.

படமெடுத்த பக்கத்தில் 40 வரிகள் இருப்பதாகக் கொள்வோம். பக்கம் முழுவதையும் ஒருங்கே காண விரும்பினால், 768 பிக்சல் உயரத்தில் ஒரு வரிக்குக் கிடைப்பது 19 பிக்சல்; வரியிடை வெளியும் அதற்குள்ளேதான். 1080 பிக்சல் உயரத்தில் அது 27 ஆகும். முன்னதிற் பக்கத்தை மேலும் கீழும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். பின்னதில் ஒரு பக்கத்தை ஒரு பக்கமாகவே காண ஓரளவு இயலும்.

முதலில் செலவில்லாதவை

இவ்வளவும் கூறியதைக் கேட்டு, உடனே கடைக்கு ஓட வேண்டா. காசு செலவின்றிச் செய்யத்தக்கவை சில உண்டு.

உங்கள் திரையின் இயல்பான தெளிதிறன் எதுவோ அதிலேயே கணினி இயங்குகிறதா என்று முதலிற் பாருங்கள். எழுத்துப் பெரிதாகத் தெரியட்டும் என்று எவரோ தெளிதிறனைக் குறைத்து வைத்திருக்கக்கூடும். இவ்வகைத் திரையில் கட்டங்களின் தொகை மாறாதது. ஆகவே குறைந்த எண்ணைக் கொடுத்தால், கணினி ஒரு கட்டத்தின் உருவை ஒன்றரைக் கட்டத்துக்கு இழுத்துப் பூசும், எழுத்து மங்கும். எண்ணை இயல்பான அளவில் வைத்து, எழுத்தின் அளவை 'ஸ்கேல்' என்ற அமைப்பாற் பெரிதாக்குவதே முறை.

வின்டோஸ் கணினியாயின் 'கிளியர்டைப்' என்னும் வசதியைச் சீர்செய்து பாருங்கள். இது 1998இல் அறிவிக்கப்பட்ட உத்தி. ஒரு பிக்சலின் மூன்று நிறக் கீற்றுக்களையும் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தின் விளிம்பை மென்மையாக்குவது. இதனாற் கிடைக்கும் பயன் பெரும்பாலும் கிடையாகவே அமையும். மேலே நிற்கும் புள்ளிக்கு அது செய்யும் உதவி குறைவு. வீட்டில் முழு எச்.டி. தொலைக்காட்சியோ தனித்திரையோ இருப்பின், எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றால் மடிக்கணினியை அதனோடு இணைத்துப் படிக்கலாம். இவற்றால் மனநிறைவு பெற்றவர் திரையை மாற்ற வேண்டியதில்லை.

திரையை மாற்றுவோர் அறிய வேண்டியவை

மாற்றத்தான் வேண்டும் என்போர், கணினி அதற்குத் தகுதியுடையதா என்று முதலில் எண்ண வேண்டும். வின்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் வழங்கிய பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. வின்டோஸ் 11ஐ ஏற்காத மிகப் பழைய இயந்திரத்துக்குப் புதிய திரை போடுவது, இடியும் வீட்டுக்குச் சாளரம் மாற்றுவது போலாகலாம். லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர்க்கு இத்தடை இல்லை.

அடுத்து, அதே மாதிரி மடிக்கணினி முழு எச்.டி. திரையோடும் விற்கப்பட்டதா என்று விசாரியுங்கள். ஒரே மாதிரியை மலிவான திரையோடும் நல்ல திரையோடும் விற்பது உற்பத்தியாளர் வழக்கம். அவ்வாறாயின் மாற்றம் பெரும்பாலும் இயலும்.

மூன்றாவதாக, திரையின் முதுகிலுள்ள சீட்டைப் படிக்க வேண்டும். திரைகளைச் செய்வோர் ஏ.யு.ஓ., பி.ஓ.ஈ., இன்னோலக்ஸ், எல்.ஜி. டிஸ்பிளே முதலிய சில நிறுவனத்தாரே. கணினியின் பெயர் எதுவாயினும் உள்ளேயிருப்பது இவர்களுள் ஒருவரின் பண்டமாக இருக்கும். சீட்டிலுள்ள குறியீட்டில் 156 என்ற எண் இருந்தால் அது 15.6 அங்குலத்தைக் குறிக்கும். 140 என்பது 14 அங்குலம். எல்.ஜி. திரைகளில் அந்த எண்ணுக்குப்பின் 'டபிள்யூ.எச்.' என்று வந்தால் 1366 × 768 என்றும், 'டபிள்யூ.எஃப்.' என்று வந்தால் முழு எச்.டி. என்றும் கொள்ளலாம். கடைக்காரரிடம் கணினியின் பெயரைச் சொல்வதிலும் இந்தக் குறியீட்டைப் படமெடுத்துக் காட்டுவது நன்று.

நான்காவது, இணைப்பு. முந்திய காலத் திரைகள் 'எல்.வி.டி.எஸ்.' என்ற முறையாலும், பின்வந்தவை 'ஈ.டி.பி.' என்ற முறையாலும் கணினியோடு பேசும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. ஈ.டி.பி.யிலும் 30 பின் செருகி, 40 பின் செருகி என வேறுபாடு உண்டு. செருகி பொருந்தினாலும் கேபிளைக் கவனிக்க வேண்டும். வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையை எண்ணிப் பாருங்கள். ஒரு வாகனம் மட்டும் செல்லும் ஒழுங்கையில் இரு மடங்கு வாகனத்தை ஒரே நேரத்தில் விட முடியுமா? ஈ.டி.பி. கேபிளில் செய்தி செல்லும் தடங்கள் உள்ளன. 1366 × 768 திரைக்கு ஒரு தடம் போதும். முழு எச்.டி. திரைக்கு வழக்கமாக இரண்டு தடங்கள் வேண்டும். மலிவான மாதிரிகளில் ஒரு தடத்துக்கு மட்டுமே கம்பி ஓடியிருக்கும். அப்படியாயின் புதிய திரை இருண்டே கிடக்கும். கேபிளையும் மாற்ற நேரிடும். எல்.வி.டி.எஸ். முறையிலும் இதே நிலைதான்: முழு எச்.டி.க்கு இரட்டை வழி வேண்டும். தாய்ப்பலகையில் அது இல்லையாயின் முயற்சியைக் கைவிடுவதே அறிவு.

ஐந்தாவது, திரையைப் பிடித்து நிறுத்தும் காதுகள். சிலவற்றில் மேலும் கீழும், சிலவற்றிற் பக்கங்களில், சிலவற்றிற் காதே இல்லாமல் ஒட்டுநாடாவால் நிற்கும். பழைய திரை எவ்வாறு நிற்கிறதோ அவ்வாறே புதியதும் நிற்க வேண்டும்.

ஆறாவது, திரையின் சாதி. 'டி.என்.' வகை மலிவானது. சற்றுச் சாய்ந்து பார்த்தாலும் நிறம் மாறும். 'ஐ.பி.எஸ்.' வகையில் எப்பக்கமிருந்து பார்த்தாலும் பெரிதும் மாறாது. ஒரே மடிக்கணினியைச் சுற்றி இரண்டு பிள்ளைகள் அமரும் வீட்டுக்கு, செலவோடு செலவாக ஐ.பி.எஸ். வாங்குவதே தகும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற கணினி வாணிப நிலையங்களில் ஒரு கடைக்கு மூன்று கடையாக விசாரித்துப் பாருங்கள். தவறான திரையாயின் திருப்பி எடுப்பார்களா, உத்தரவாதம் எத்தனை மாதம் என்பவற்றை எழுத்திற் பெறுங்கள். பொருத்தியவுடன் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களை முழுத் திரையிலும் காட்டச் செய்து, செத்த பிக்சல் உண்டா என்று நோக்குங்கள்.

தாமே செய்ய விரும்பும் மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. கணினியை அணைத்தால் மட்டும் போதாது. மின்கம்பியைப் பிடுங்கிப் பற்றரியின் இணைப்பையும் கழற்றிய பின்னரே திரையின் கேபிளைத் தொட வேண்டும். மின்னோட்டம் இருக்கும்போது அதைக் கழற்றினாலோ செருகினாலோ, பின்னொளிக்குரிய உருகி தாய்ப்பலகையில் எரிந்துபோகக்கூடும். திரையை மாற்றப் போய்த் தாய்ப்பலகையை மாற்றிய கதையாகிவிடும். துணிவில்லாதோர் அனுபவமுள்ள திருத்துநரிடமே கொடுக்க.

மாற்றிய பின்

புதிய திரையைத் திறந்தவுடன் பலருக்கு ஏமாற்றம் உண்டாவதுண்டு: எழுத்து முன்னையிலும் சிறுத்துவிட்டது! கணினி முன்போலவே 16 பிக்சலில் எழுதுகிறது, பிக்சலோ சிறிதாகிவிட்டது. ஆகவே எழுத்தும் சிறுத்தது. இதனை அப்படியே விட்டுப் படித்தால், தெளிவுக்காகச் செலவிட்ட பணம் கண்ணுக்குத் தீங்காக முடியும். அமைப்பிற் சென்று 125 அல்லது 150 சதவீதம் என்று 'ஸ்கேலை' உயர்த்த வேண்டும். அப்போதுதான் எழுத்துப் பழைய அளவிலே நின்று, இரு மடங்கு பிக்சல்களால் தீட்டப்பெறும். தெளிதிறன் உயர்வதன் பயன், சிறிய எழுத்தைப் படிப்பதிலன்று. அதே அளவு எழுத்தைத் தெளிவாகப் படிப்பதிலேயே உள்ளது.

பற்றரி முன்னிலும் சிறிது விரைவில் இறங்கக்கூடும். நெருக்கமான பிக்சல்களினூடே ஒளி புறப்படக் கூடிய பின்னொளி வேண்டுவதே காரணம். மங்கலாகப் படமெடுத்த பக்கத்தை எந்தத் திரையும் தெளிவாக்காது என்பதையும் நினைவிற் கொள்க. கண் நோவு தீராதாயின் திரையைக் குறைகூறிக்கொண்டிராமல் கண் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவினரும் நம் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வாங்கித் தரும் நற்பணியை இன்று செய்து வருகின்றனர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேகமும் நினைவகமும் கேட்கும் அதே மூச்சில் 1920 × 1080 திரை உண்டா என்றும் கேளுங்கள். வாங்கும்போதே நல்ல திரையைத் தேர்வது, பின்னர் மாற்றுவதிலும் எளிது, பெரும்பாலும் மலிவுங்கூட.

எண்கள் நினைவில் நில்லாவாயின், கடையிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. 'மணம், மனம், பணி, பனி, பல, பல்' என்று 12 புள்ளி அளவில் எழுதச் செய்து, அரை மீற்றர் தள்ளி நின்று, உடன் வந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லிலும் எத்தனை சுழி, எங்கே புள்ளி என்று அப்பிள்ளை தயங்காமற் சொல்லுமாயின், அந்தத் திரையை நம்பி வாங்கலாம்.